கடலடியில் ஒரு மானாவாரி நிலம்

வானம் பார்த்த பூமி எது என்று கேட்டால், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளைக் காட்டுவோம். அதே தூத்துக்குடி மாவட்டத்துக்கு இன்னொரு மானாவாரி நிலமும் உண்டு. அது கரையிலிருந்து சுமார் பத்து மைல் தள்ளி, ஐந்து முதல் பத்து பாகம் ஆழத்தில், கடலுக்கு அடியில் கிடக்கிறது. அங்கே ஏர் பூட்டுவாரில்லை, விதைப்பாரில்லை. ஆனாலும் சில ஆண்டுகளில் கோடிக்கணக்கில் விளைந்திருக்கிறது. பல பத்தாண்டுகள் ஒன்றுமே விளையாமலும் கிடந்திருக்கிறது. கடைசியாக அங்கே அறுவடை நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

முத்துச்சிப்பி வாழும் "பார்"களைத்தான் சொல்கிறோம். கடலடியில் மணலுக்கு நடுவே தட்டையான பாறைத் திட்டுகள் ஆங்காங்கே இருக்கின்றன. அவற்றையே மீனவர்கள் பார் என்கிறார்கள். தூத்துக்குடிக்கு நேரே உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர் போனது. கடலில் எல்லை கட்டிப் பெயர் வைத்திருப்பதைப் பார்த்தால், நம் ஊர்களில் ஒவ்வொரு செய்க்கும் பெயர் வைத்திருப்பதுதான் நினைவுக்கு வரும்.

முத்தைப் பற்றி நம் மக்கள் அறிந்தது ஏராளம். சிப்பியைப் பற்றி அறிந்தது குறைவு. இந்தச் சிப்பி ஒரு விந்தையான பிராணி. பயிரைப் போலவே அதற்கும் விதைப்பு, முளைப்பு, களை, பூச்சி, சாவி எல்லாம் உண்டு. ஆகவே விவசாயிகளுக்கு அதன் கதை எளிதில் விளங்கும்.

விதை விழும் விதம்

முத்துச்சிப்பியில் ஆண், பெண் தனித்தனி. பருவக்காற்றுகளை ஒட்டி இவை முட்டையையும் விந்தையும் கடல்நீரிலேயே விட்டுவிடுகின்றன. ஒரு பெண் சிப்பி லட்சக்கணக்கில் முட்டையிடும். ஒரு முட்டையின் அளவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இராது. கருவுற்றதும் அது ஒரே நாளில் நீந்தும் உயிராகி, நீரோட்டத்தோடு மிதக்கத் தொடங்குகிறது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் இந்த மிதவை வாழ்க்கை. பிறகு ஓடு கனத்துக் கீழே இறங்குகிறது.

இறங்கும் இடத்தில்தான் அதன் தலையெழுத்து இருக்கிறது. பாறையின் மேல் விழுந்தால் பிழைக்கும். வெறும் மணலில் விழுந்தால் பெரும்பாலும் மண் மூடிச் சாகும். கடற்பாசியின் மேல் ஒட்டிக்கொண்டால், அடுத்த பருவக்காற்றில் பாசியோடு பிய்ந்து போகும். காற்றில் பறந்து போகும் எருக்கம் பஞ்சு எந்த வயலில் இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அப்படித்தான் இதுவும். மன்னார் வளைகுடாவின் இந்தக் கரைப் பார்களில் விழும் குஞ்சுகள், இலங்கைக் கரைப் பார்களில் உள்ள தாய்ச் சிப்பிகளின் பிள்ளைகளாகவும் இருக்கலாம் என்று நூறாண்டுக்கு முன்பே இங்கு ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் கருதினார். அண்டை வீட்டுக்காரரின் விதையில் நம் வயல் விளைவது போன்ற ஏற்பாடு!

பாறையில் இறங்கிய குஞ்சு, தன் காலடியிலிருந்து பட்டு நூல் போன்ற இழைகளைச் சுரந்து, பாறையோடு தன்னைக் கட்டிக்கொள்கிறது. இந்த நூற்கட்டுதான் அதற்கு வேர். மரத்தின் வேருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: இடம் பிடிக்காவிட்டால், சிறு சிப்பி நூலை அறுத்துக்கொண்டு, நாக்குப் போன்ற காலால் சற்றுத் தூரம் ஊர்ந்து போய், வேறிடத்தில் புதிதாக நூல் சுரந்து கட்டிக்கொள்ளும்.

அதன் உணவு கடல்நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசித் துணுக்குகள். வாயைச் சற்றே திறந்தபடி, நாளெல்லாம் நீரை உள்ளே இழுத்து வடிகட்டி வெளியே விடுவதே அதன் வேலை. நீர் சேறாகக் கலங்கினால் ஓட்டை மூடிக்கொண்டு பட்டினி கிடக்கும். சில சிப்பிகளைத் திறந்தால், உள்ளே பட்டாணி அளவில் ஒரு நண்டு குடியிருப்பதைக் காணலாம். சிப்பி வடிகட்டும் உணவில் பங்கு தின்று, அதன் வீட்டிலேயே வாடகையில்லாமல் வாழும் நண்டு அது.

பூச்சியும் களையும்

ஒரு பாரில் குஞ்சுகள் அடர்த்தியாக விழுந்துவிட்டால் விளைச்சல் உறுதி என்று எண்ணிவிட முடியாது. கிளாத்தி மீன்கள் கூட்டமாக வந்து, உளி போன்ற பற்களால் இளஞ்சிப்பிகளை உடைத்துத் தின்னும். திருக்கைகள் தட்டைப் பற்களால் அரைத்து விழுங்கும். நட்சத்திர மீன் சிப்பியைத் தழுவி, விடாமல் இழுத்து ஓட்டைத் திறந்து, தன் இரைப்பையையே உள்ளே நுழைத்துத் தின்னும். பேய்க்கணவாயும் சிலவகைச் சங்குப் பூச்சிகளும் உண்டு. ஒருவகைக் கடற்பஞ்சு, கறையான் மரத்தை அரிப்பது போல ஓட்டைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும்.

இவை பூச்சிகள் என்றால், களை எது? சூரன் என்று மீனவர்கள் சொல்லும் ஒரு சிறு மட்டி. அதுவும் நூல் சுரந்து ஒட்டும் இனம். பாய் விரித்தாற்போல் பார் முழுவதும் படர்ந்துவிட்டால், அடியில் அகப்பட்ட முத்துச்சிப்பிகள் மூச்சுத் திணறிச் சாகின்றன. கோரை மூடிய வயலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இவ்வளவையும் தாண்டிய சிப்பி முதலாண்டில் இரண்டு விரற்கடை அகலம் வளரும். நாலு, ஐந்து வயதில்தான் முத்தெடுக்கப் பக்குவம். அதற்கு முன்னால் எடுத்தால் முத்து சிறுத்திருக்கும். மேலும் இரண்டு ஆண்டு பொறுத்தால் சிப்பியே மூப்படைந்து செத்துவிடும். முத்தும் மணலோடு போகும். கதிர் முற்றிய வயலைப் போலத்தான், நாள் தப்பினால் நட்டம்.

கண்டுமுதல் பார்ப்பது

பழைய முத்துக்குளிப்பு நடந்த முறை, இன்று நாம் செய்யும் பயிர் அறுவடைச் சோதனையை ஒத்திருப்பது வியப்பளிக்கும். பக்குவமான பார் என்று தெரிந்தால், முதலில் சில ஆயிரம் சிப்பிகளை மட்டும் எடுத்து வருவார்கள். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைச் சல்லடைகளில் பருமன் வாரியாகப் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் மதிப்பு என்று கணக்கிடுவார்கள். கட்டுபடியானால்தான் குளிப்பு அறிவிக்கப்படும்.

குளிப்பவர் ஒரு கல்லில் காலை வைத்து இறங்குவார். மேலே தோணியில் கயிறு பிடிப்பவர் ஒருவர். அடியில் இருக்கக்கூடிய நேரம் ஒரு நிமிடம், மிஞ்சினால் அதற்குச் சற்று மேல். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் அள்ளிப்போட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சுறா வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் "கடல்கட்டி"க்கும் ஒரு பங்கு உண்டு. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும், மந்திரம் சொல்பவருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்ததை எழுதியிருக்கிறார். உயிரைப் பணயம் வைத்தவனுக்கு மூன்றில் ஒன்று என்பது என் கணக்கில் குறைந்த வாரம்தான்.

முத்து எப்படி உண்டாகிறது?

சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளியைச் சிப்பி வாய் திறந்து வாங்கிக்கொள்ள, அது முத்தாகிறது என்பது நம் முன்னோர் சொன்ன கதை. அழகான கதைதான். ஆனால் பத்து பாகம் ஆழத்தில் கிடக்கும் சிப்பிக்கு மழைத்துளி எட்டாது. மணல் உள்ளே புகுந்தால் முத்தாகிறது என்று பள்ளிப் புத்தகங்களில் படித்திருப்போம். அதுவும் முழு உண்மை ஆகாது. மணலில் வாழும் பிராணிக்கு மணலை வெளியே தள்ளத் தெரியும்.

உண்மை இதுதான். சிப்பியின் சதையைச் சுற்றி, இரு ஓடுகளையும் ஒட்டி, மெல்லிய போர்வை போல் ஒரு தோல் இருக்கிறது. ஓட்டின் உட்புறத்துப் பளபளப்பைச் சுரப்பது இந்தத் தோலின் வெளிப்புற உயிரணுக்கள்தான். ஏதேனும் ஒட்டுண்ணி துளைப்பதாலோ, காயம் படுவதாலோ இந்த உயிரணுக்களில் சில பிய்ந்து சதைக்குள் போய்விடுகின்றன. போன இடத்திலும் அவை தம் தொழிலை மறப்பதில்லை. பெருகி ஒரு சிறு பை போலாகி, அதற்குள்ளே சுரக்கத் தொடங்குகின்றன. ஓட்டுக்குப் பூச வேண்டிய பூச்சு உருண்டையாகிறது. அதுவே முத்து.

இலங்கையின் பார்களை 1902-லிருந்து ஆராய்ந்த பேராசிரியர் ஹெர்ட்மன், முத்தின் நடுவில் நாடாப்புழுவின் இளம் பருவம் இருப்பதாகக் கண்டு, திருக்கை மீன் வயிற்றில் வளரும் புழுவே முத்துக்குக் காரணம் என்றார். அப்படியானால் சிப்பியைத் தின்னும் திருக்கையே முத்துக்கு விதையும் போடுகிறது என்றாகும்! பிந்திய ஆராய்ச்சிகளில், புழு ஒரு சாக்குத்தான், வேலை செய்வது போர்வைத் தோலின் உயிரணுக்களே என்று தெளிவாயிற்று.

முத்தின் பெரும்பகுதி வெறும் கால்சியம் கார்பனேட். கரிசல் நிலத்தைத் தோண்டினால் வரும் சுக்கான் கல்லிலும் இருப்பது அதே சரக்குத்தான். இரண்டுமே புளித்த காடியில் நுரைத்துக் கரையும். பிறகு ஏன் ஒன்று கழுத்தில் ஏறுகிறது, மற்றது கொழுவை மழுக்குகிறது? அடுக்கும் விதத்தில்தான் வேறுபாடு. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படலங்களை, இடையிடையே பசை போன்ற ஒரு பொருளை வைத்து, சிப்பி அடுக்குகிறது. மழைநீரில் மிதக்கும் டீசல் படலத்தில் வானவில் நிறங்கள் தெரிகின்றன அல்லவா? அதுபோல இந்த மெல்லிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது முத்தின் ஒளி பிறக்கிறது.

ஒரு குத்தகையின் கதை

1905-ம் ஆண்டு இலங்கைப் பக்கத்துப் பார்களில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு அந்த ஒரே ஆண்டில் வந்த வருமானம் சுமார் 25 லட்சம் ரூபாய். இதைப் பார்த்து இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டு, 1906 முதல் 20 ஆண்டுகளுக்கு அந்தப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். 1906-லும் 1907-லும் குளிப்பு நடந்தது. அதோடு சரி. பார்கள் வெறுமையாயின. குத்தகைப் பணம் மட்டும் ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்தது. கம்பெனி 1912-ல் கலைக்கப்பட்டது. அங்கே அடுத்த குளிப்பு 1925-ல்தான் நடந்தது. நல்ல மழை பெய்த ஆண்டின் விளைச்சலைப் பார்த்து மானாவாரி நிலத்துக்கு நீண்ட குத்தகை பேசியவரின் கதை இது. விஞ்ஞானிகளை வைத்து ஆராய்ந்த பிறகும் இப்படி நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தூத்துக்குடிக் கரையிலும் இதே போக்குத்தான். 1928-க்குப் பிறகு 27 ஆண்டுகள் ஒன்றுமில்லை. பின்னர் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் குளிப்பு நடந்தது. 1958-ல் மட்டும் இரண்டு கோடிக்கு மேல் சிப்பிகள் எடுக்கப்பட்டன. பிறகு நின்றது. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அளவுக்கு மீறி எடுத்தது, நீரோட்டம் மாறியது, கிளாத்தியும் சூரனும் பெருகியது, கடலடியை வாரும் இழுவலைகள் வந்தது எனப் பல. ஒரே காரணம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டது எதுவுமில்லை. 1980-களின் பிற்பகுதியில் பொரிப்பகத்தில் வளர்த்த லட்சக்கணக்கான குஞ்சுச் சிப்பிகளைப் பாரில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். அதனாலும் குளிப்பு திரும்பவில்லை.

இதற்கிடையில் தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவுகளைச் சுற்றிப் பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் கொண்டுபோனார்கள். பவளப்பாறை தீவுக்கு வரப்பு. வரப்பை வெட்டினால் மண் நிற்குமா? விலாங்குசல்லித் தீவு கடலில் மூழ்கிவிட்டது. வான் தீவும் கரைந்து சிறுத்துப் போகவே, 2015 முதல் அதன் முன்னே செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தடுக்க முயன்றார்கள். 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோதே வெட்டு நின்றிருந்தால் இவ்வளவு செலவு வந்திராது.

கொற்கை வயல்

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று எங்கே இருக்கிறது என்று பார்த்தவர்கள் உண்டா? கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே, நெல்லும் வாழையும் சூழ ஒரு கிராமமாக இருக்கிறது. துறைமுகத்தைத் தாமிரபரணி தன் வண்டலால் மூடிவிட்டது. கடல் விலகவே துறை காயலுக்குப் போயிற்று. மார்க்கோ போலோ வந்திறங்கியது அங்கேதான். அதையும் வண்டல் மூடியது. பிறகுதான் தூத்துக்குடி தலையெடுத்தது. மேலே இருக்கும் வண்டலுக்குக் கீழே கடல் மணலும் சிப்பிகளும் கிடப்பதை 19-ம் நூற்றாண்டிலேயே பிஷப் கால்டுவெல் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்து விவசாயிகள் கிணறு தோண்டும்போது சங்குத் துண்டு வந்தால் வியப்படைய வேண்டாம். நிற்பது பழைய கடலின் மேல்.

மேட்டு நிலங்களிலிருந்து அடித்து வந்த மேல்மண்தான் அந்த வண்டல். ஒருவர் இழந்தது இன்னொருவருக்கு வயலாயிற்று. ஆனால் எல்லா மண்ணும் வயலில் தங்குவதில்லை. கடலுக்குள் போகும் மண், வடிகட்டித் தின்னும் உயிர்களுக்கு ஆகாது. வைப்பாற்றுப் படுகையின் கரிசல் காடுகளில் சரிவுக்குக் குறுக்கே உழுவதும், வரப்பை உயர்த்துவதும் நம் நிலத்துக்காகச் செய்வதுதான். கடலுக்கும் அதில் ஒரு பங்கு லாபம்.

மாங்கன்றும் முத்தும்

முத்து உண்டாகும் வழி தெரிந்த பின், அதை மனிதன் செய்து பார்க்காமல் இருப்பானா? ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893-ல் அரைவட்ட முத்தை வளர்த்துக் காட்டினார். முழு உருண்டை பின்னர் வந்தது. நம் நாட்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், டாக்டர் கே. அழகர்சுவாமி முன்னின்று, தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் 1973 ஜூலையில் உருண்டை முத்தை வளர்த்தெடுத்தனர். 1981-ல் தூத்துக்குடியில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்தனர்.

செய்முறை, மாங்கன்று ஒட்டுக் கட்டுவதைப் போன்றதே. ஒரு சிப்பியின் போர்வைத் தோலிலிருந்து எள் அளவு துண்டு எடுத்து, வேறு சிப்பியின் சதையைக் கீறி, ஓட்டில் கடைந்த சிறு உருண்டையோடு ஒட்டினாற்போல் உள்ளே வைக்க வேண்டும். தோல் துண்டு தலைகீழாகவோ விலகியோ அமைந்தால் முத்து வராது. கைத்திறன் அவ்வளவு முக்கியம். பிறகு கூண்டிலிட்டுக் கடலில் தொங்கவிட்டு, உருண்டையின் அளவைப் பொறுத்துச் சில மாதங்கள் முதல் ஒன்றரை ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். சில செத்துப்போகும், சில உருண்டையைத் துப்பிவிடும். மிஞ்சியதில் ஒரு பகுதிதான் நல்ல முத்து. ஆராய்ச்சியில் வென்ற இந்த முறை நம் கரையில் பெருந்தொழிலாக வளரவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. கிணற்றிலும் பண்ணைக்குட்டையிலும் முத்து வளர்த்து லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கலாம் என்று சொல்லி, சிறு விவசாயிகளிடம் பயிற்சிக் கட்டணமும் சிப்பி விலையும் வாங்குவோர் நடமாடுகிறார்கள். நன்னீர் மட்டியில் முத்து வளர்க்க முடியும் என்பது உண்மை. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் உயிரின வளர்ப்பு நிலையம் அந்த முறையை உருவாக்கிப் பயிற்சியும் அளித்துவருகிறது. ஆனால் நாம் எடுக்கும் முத்துக்குப் போட்டி சீனாவிலிருந்து வருகிறது. அங்கே ஒரே மட்டியில் முப்பது, நாற்பது முத்து விளைவிக்கிறார்கள். உலகச் சந்தையில் நன்னீர் முத்தின் பெரும்பகுதி அவர்களுடையது. அந்த விலையோடுதான் நம் முத்து நிற்க வேண்டும்.

பணம் கட்டும் முன் சிலவற்றை விசாரியுங்கள். நூறு மட்டிக்கு எத்தனை பிழைக்கும் என்று கேளுங்கள். எல்லாமே பிழைக்கும் என்று சொன்னால் அங்கிருந்து எழுந்துவிடலாம். முத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்பவர், என்ன தரத்துக்கு என்ன விலை என்று எழுதித் தருவாரா? அவரிடம் ஏற்கெனவே முத்து விற்ற விவசாயி யார்? மட்டி விற்றுப் பிழைப்பவரா, முத்து விற்றுப் பிழைப்பவரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். உங்கள் தண்ணீரையும் பாருங்கள். பருத்திக்கும் நெல்லுக்கும் அடித்த மருந்து வடியும் குட்டையில் மட்டி தங்காது. ஒன்றரை ஆண்டு வற்றாத நீர் வேண்டும். சுண்ணாம்புச் சத்து போதிய அளவு இருக்க வேண்டும். அப்படியும் ஆசை விடவில்லை என்றால், கடனில்லாமல் ஐம்பது, நூறு மட்டியோடு, மீன் வளர்க்கும் குட்டையிலேயே உபதொழிலாகத் தொடங்கிப் பாருங்கள்.

தூத்துக்குடி மாவட்ட விவசாயிகள் இதற்காக அலைய வேண்டியதில்லை. மீன்வளக் கல்லூரியும், கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் தூத்துக்குடியிலேயே உள்ளன. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், தண்ணீர் மாதிரி ஒரு பாட்டிலையும், தரகர் கொடுத்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே ஒருமுறை போய் வரலாம்.